ஒரு கினிக் குத்தகைப் பாதை

வணக்கம். லண்டனுக்கு வடமேற்கே, பக்கிங்ஹாம்ஷயரில், ஊஸ் ஆற்றங்கரையில் ஓல்னி என்று ஒரு சின்ன ஊர். தூரத்திலிருந்தே தெரிவது அங்குள்ள தேவாலயத்தின் கூர்கோபுரம், 185 அடி. ஊரைத் தெரியாதவர்களுக்கும் அந்த ஊர்ப் பாட்டு தெரிந்திருக்கும்: ‘அமேசிங் கிரேஸ்’. 1773 புத்தாண்டுப் பிரசங்கத்துக்காக ஜான் நியூட்டன் பாதிரியார் எழுதியது.

சந்தைத் திடலில் ஒரு செங்கல் வீடு. பெயர் ஆர்ச்சர்ட் சைடு, இப்போது அருங்காட்சியகம். 1768 முதல் 1786 வரை கவிஞர் வில்லியம் கூப்பர் அங்கே குடியிருந்தார். எழுத்துக் கூட்டிப் படித்தால் ‘கௌப்பர்’ என்று வரும், நானும் வெகுநாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். மனநோயால் மிகவும் பாடுபட்ட மனிதர். மனத்தை வேறு பக்கம் திருப்பக் காட்டு முயல்கள் வளர்த்தார். புஸ், டைனி, பெஸ். பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம், மூன்றும் ஆண்கள்!

வீட்டுத் தோட்டத்தில் அவர் எழுதிய குடில் இன்னும் இருக்கிறது. பல்லக்கைவிடக் கொஞ்சம்தான் பெரிது என்று அவரே சொல்கிறார். முன்பு ஒரு மருந்து வியாபாரி புகை பிடிப்பதற்காகக் கட்டியது. தரையில் ஒரு பலகைக் கதவு. அதற்குக் கீழே குழியில் அந்த மனிதர் புட்டிகளை வைத்திருந்தாராம். அதன்மேல் காலை வைத்துக்கொண்டு இவர் கவிதை எழுதினார்.

தோட்டத்துக்குப் பின்னால் இன்னொருவரின் பழத்தோட்டம், அதைத் தாண்டினால் நியூட்டனின் வீடு. தெருவைச் சுற்றிப் போக நண்பர்களுக்குப் பொறுமை இல்லை. குறுக்கே நடக்க வருஷத்துக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங், கொடுத்தார்கள். அப்படிப் போய் வந்த உறவில் பிறந்ததுதான் 1779இல் வந்த ‘ஓல்னி பாடல்கள்’. மொத்தம் 348 பாட்டு.

லேஸ் பின்னியே வயிறு கழுவிய ஊர் அது. அப்புறம், பெண்கள் வாணலியும் அப்பமுமாக 415 கெஜம் ஓடும் பந்தயம் வேறு. 1445இல் தொடங்கியதாக ஊரார் சொல்கிறார்கள்.

சரி, நியூட்டனுக்கு வருவோம். புயலில் மனம் மாறினார், அடிமைக் கப்பலை விட்டார், பாட்டு எழுதினார் என்று மேடைகளில் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். புயல் 1748. அதற்குப் பிறகுதான் அவர் அடிமைக் கப்பலுக்குத் தலைவரானார், 1754 வரை ஓட்டினார். அந்த வியாபாரத்தை எதிர்த்து நூல் வெளியிட்டது 1788இல், ஓல்னியை விட்டுப் போய் 8 வருஷம் கழித்து.

ஓல்னியில் அவர் படிப்பறை மேல்மாடத்தில். கணப்புக்கு மேலே பைபிளின் உபாகம நூலிலிருந்து வசனம் ஒன்றைத் தீட்டிவைத்திருந்தார்: நீ எகிப்தில் அடிமையாயிருந்ததை நினைத்துக்கொள். இளவயதில் ஆப்பிரிக்காவில் தானே அடிமைபோல் கிடந்ததைத்தான் நினைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. கல்லறை வாசகத்தையும் தானே எழுதிவைத்தார். லண்டனில் புதைத்த அவர் உடல் 1893இல் ஓல்னிக்கே வந்துவிட்டது. அந்த வாசகத்தில் ‘ஆப்பிரிக்காவில் அடிமைகளுக்கு ஊழியன்’ என்று இருக்கிறது, ஓல்னியில் கிட்டத்தட்ட 16 ஆண்டு என்ற கணக்கும் இருக்கிறது. கப்பலைப் பற்றி ஒரு சொல் இல்லை.