வேதியியல் மாணவருக்கு ஓவியத்தில் என்ன வேலை?

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, துணைவேந்தர் அவர்களே, பாடத்திட்டக் குழு உறுப்பினர்களே, நுண்கலைத் துறைத் தலைவர் அவர்களே, என்னை அழைத்த மாணவர் மன்றச் செயலாளர் தம்பி அவர்களே, பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். துணைவேந்தர் அவர்கள் வேறொரு கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். அதற்குத் தனியாக ஒரு நன்றி.

இளங்கலையில் கலை வரலாற்றை முதன்மைப் பாடமாக எடுப்பதா, துணைப் பாடமாக எடுப்பதா என்பது எனக்குத் தந்த தலைப்பு. மூன்று செய்திகள் சொல்ல வேண்டும். இந்தப் படிப்பு எதைப் பழக்குகிறது, படித்தால் என்ன வேலை, கூடவே எந்த மொழிகளைக் கற்பது.

முதல் செய்திக்கு ஒரு பழமொழி போதும். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். எந்த மேடை ஏறினாலும் இதைச் சொல்லாமல் நான் இறங்கியதில்லை. பெயரையும் ஆண்டையும் மனப்பாடம் செய்வதல்ல கலை வரலாறு. ஒரு சிலையின் முன் ஒரு மணி நேரம் நின்று கண்டதை எழுதி, இதை யார் செய்வித்தார், பணம் யாருடையது, இது இங்கே எப்படி வந்தது என்று துருவும் படிப்பு அது.

ஒரு கதை சொல்கிறேன். 1937இல் நெதர்லாந்து ஓவியர் வெர்மீருடையது என்று ஒரு ஓவியம் வெளிவந்தது. விவிலியம் சொல்லும் எம்மாவு என்ற ஊரில் இயேசு சீடர்களோடு பந்தியில் அமர்ந்திருக்கும் காட்சி. எண்பது வயதைத் தாண்டிய கலைப் பேரறிஞர் ஆபிரகாம் பிரெடியஸ் அதைப் பார்த்துவிட்டு, வெர்மீரின் தலைசிறந்த படைப்பு என்றே எழுதிவிட்டார். ரோட்டர்டாம் அருங்காட்சியகத்துக்கு அதை வாங்கினார்கள். சரி, போர் வந்தது, போனது. 1945இல் ஹான் வான் மீகெரன் என்ற ஓவியரைக் கைது செய்தார்கள். நாட்டின் சொத்தான வேறொரு வெர்மீரை நாஜித் தலைவர் கோரிங்குக்கு விற்றார் என்பது வழக்கு. மனிதர் என்ன சொன்னார் தெரியுமா? அதை வரைந்ததே தான்தான் என்றார். ரோட்டர்டாமில் தொங்குவதும் தன் கைவேலை என்றார்! அப்புறம் காவலர்கள் பார்த்திருக்க, புதிதாக ஒரு ‘வெர்மீரை’ வரைந்தும் காட்டினார். பழைய ஓவியத் துணியில் வரைந்து, வண்ணத்தில் பேக்கலைட் என்ற 20ஆம் நூற்றாண்டுச் செயற்கைப் பிளாஸ்டிக் வகைப் பிசினைச் சேர்த்து, அடுப்பில் சுட்டு இறுக வைத்திருந்தார் அவர்.

தீர விசாரித்தது யார்? வேதியியலர் பால் கோரெமான்ஸின் குழு. வண்ணத்தில் அந்தப் பிசினைக் கண்டார்கள். கோரிங் வாங்கிய படத்தில் கோபால்ட் நீலமும் இருந்தது. அது 19ஆம் நூற்றாண்டின் நிறம். வெர்மீர் இறந்ததோ 1675இல்.

பாடத்திட்டக் குழுவினரே, இதற்காகத்தான் கேட்கிறேன். இந்தத் துணைப் பாடத்தைக் கலைப்பிரிவு மாணவருக்கு மட்டும் ஏன் பூட்டி வைக்க வேண்டும்? நானும் வேதியியல் மாணவன்தான். கலை வரலாறு கேட்டுப் போனபோது, நேர அட்டவணை இடிக்கிறது என்று என்னைத் திருப்பி அனுப்பினார்கள். அந்த ஏமாற்றம் இன்னும் ஆறவில்லை. கண்ணால் காண்பதும் பொய் என்று அறிவியல் மாணவருக்கு ஓவியம் கற்றுத் தரட்டும், தீர விசாரிக்கும் வழியை அவர் ஓவிய மாணவருக்குக் காட்டட்டும். முதன்மைப் பாடமாக எடுப்பவர் எடுக்கட்டும், மிக நல்லது. துணைப் பாடம் எல்லாருக்கும் திறக்க வேண்டும்.

வேலை என்றால் அருங்காட்சியகம், பழைய கலைப்பொருள்களைச் சீர்செய்து காக்கும் பாதுகாப்புக்கூடம், ஏல நிறுவனம், பதிப்பகம் என்று பல உண்டு. மொழிகளை இன்னொரு நாள் பேசுவோம். வாசலில் ஒரு மனு வைத்திருக்கிறோம். வாரம் ஒரு மாலை, எல்லாத் துறைக்கும் பொதுவான வகுப்பு என்பதே கோரிக்கை. துணைவேந்தர் அவர்கள் கிளம்புமுன் கையெழுத்திட்டுவிடுங்கள், இன்றே அவர்கள் கையில் கொடுத்துவிடலாம்.