பசியில் குட்டையாகும் இகுவானா: ஸ்ட்ரெஸ் வந்தால் காட்டு விலங்கின் உடம்பில் என்ன நடக்கிறது?

(காட்சி: கறுப்பு எரிமலைப் பாறை. அதே நிறத்தில் நூற்றுக்கணக்கான இகுவானாக்கள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்து வெயில் காய்கின்றன.)

முழுசாக வளர்ந்து முடிந்த ஒரு விலங்கின் நீளம் குறையுமா? எடை குறையும், அது தெரிந்ததுதான், பட்டினி கிடந்தால் யாருக்கும் குறையும். நான் கேட்பது நீளம். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்தால் போன தடவையைவிட இந்தத் தடவை ஆறு சென்டிமீட்டர் கம்மி என்றால், அளந்தவர் தப்பாக அளந்துவிட்டார் என்றுதான் நாம் சொல்வோம். ஆனால் பசிபிக் கடலில் இருக்கும் கலாபகஸ் தீவுகளில் கடல் இகுவானாக்களை வருடக்கணக்கில் பிடித்து அளந்துகொண்டிருந்த ஆய்வாளர் மார்ட்டின் விக்கெல்ஸ்கியின் கணக்கு 2000இல் நேச்சர் இதழில் வந்தது. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ வந்தபோது இந்த விலங்குகள் இரண்டே ஆண்டுக்குள் 6.8 சென்டிமீட்டர் வரை, அதாவது உடல் நீளத்தில் 20 சதவீதம் வரை, சுருங்கியிருந்தன. குருத்தெலும்பு மட்டும் சுருங்கினால் இவ்வளவு வராது. எலும்பே கரைந்திருக்க வேண்டும்.

சரி, இந்த இகுவானா யார்? உலகத்தில் கடலுக்குள் போய் மேய்கிற பல்லி இனம் இது ஒன்றுதான். பாறையில் ஒட்டியிருக்கும் பாசிதான் சாப்பாடு. சின்னவை அலை வடியும்போது கரையோரப் பாறையிலேயே சுரண்டித் தின்னும், பெரிய ஆண்கள் முங்கிப் போய் மேய்ந்துவிட்டு வரும். பாசியோடு சேர்ந்து உள்ளே போகும் உப்பை வெளியேற்ற மூக்குப் பக்கம் ஒரு சுரப்பி இருக்கிறது, அதில் சேர்வதைத் தும்மித் தள்ளும். பாதி நேரம் அது அதன் தலையிலேயே விழுந்து வெள்ளையாகக் காய்ந்து கிடக்கும். 1835இல் அங்கே போன டார்வினுக்கு இதைக் கண்டால் பிடிக்கவில்லை, அவலட்சணம், மந்தம் என்றெல்லாம் எழுதி வைத்தார். அதோடு விடாமல் ஒன்றைப் பிடித்துக் கடலில் வீசிப் பார்த்தார். அது நேராக அவர் நின்ற இடத்துக்கே நீந்தி வந்தது. மறுபடி வீசினார், மறுபடி வந்தது. சுறா இருப்பது கடலில்தான், கரையில் இதற்கு எதிரி கிடையாது, அதனால் ஆபத்து என்றாலே கரைக்கு ஓடுகிறது என்று அவர் ஊகித்தார். ஊகம் சரியாகவே இருக்கலாம், ஆனாலும் திரும்பத் திரும்ப வீசியது கொஞ்சம் ஓவர்.

இந்த விலங்குக்குப் பெரிய கஷ்டம் என்று இருப்பது ஒன்றே ஒன்றுதான், பட்டினி. ஆய்வாளர்களுக்கு இது ரொம்ப வசதி. மற்ற விலங்குகளில் நோய், வேட்டையாடும் மிருகம், வறட்சி, மனிதர்கள் என்று எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேரும், எது எதனால் என்று பிரிக்கவே முடியாது. இங்கே அந்தக் குழப்பம் குறைவு.

(காட்சி: கடல் வெப்பநிலை வரைபடம். நீலமாக இருந்த பகுதி மெல்லச் சிவப்பாகிறது.)

சாதாரண நாட்களில் கலாபகஸைச் சுற்றி ஆழத்திலிருந்து குளிர்ந்த, சத்து நிறைந்த நீர் மேலே வரும். சிவப்புப் பாசியும் பச்சைப் பாசியும் செழிக்கும். எல் நினோ வந்தால் கடல் சூடாகி அந்தப் பாசிகள் அழிந்துவிடும், அந்த இடத்தில் பழுப்புப் பாசி முளைக்கும். இகுவானா அதையும் தின்னும், ஆனால் செரிக்காது. வயிறு நிறைய இருக்கும்போதே பட்டினியில் செத்துப்போகும். மோசமான எல் நினோவில் ஒரு தீவில் இருக்கும் இகுவானாக்களில் 90 சதவீதம் வரைகூடப் போய்விடலாம்.

முதலில் விழுவது பெரிய உடம்புக்காரர்கள். பெரிய உடம்புக்குத் தேவை அதிகம், கிடைப்பதோ அதே கொஞ்சம் பாசி. அதனால்தான் சுருங்குவது லாபம். எந்த அளவுக்குச் சுருங்கினவோ அந்த அளவுக்கு அதிக நாள் பிழைத்தன, பாசி திரும்பி வந்ததும் மறுபடி வளரவும் செய்தன. இந்த எலும்புக் கரைப்பில் ஒரு ஹார்மோனுக்குப் பங்கு இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சந்தேகித்தார்கள். பெயர் கார்ட்டிகோஸ்டீரோன். நமக்கும் யானைக்கும் இருக்கும் கார்ட்டிசோலின் உடன்பிறப்பு. பறவை, ஊர்வன, தவளை, எலி இவற்றுக்கெல்லாம் முக்கியமாக ஓடுவது கார்ட்டிகோஸ்டீரோன்தான்.

இதன் வேலை எப்படி நடக்கிறது என்று ஒரு நிமிடம் பார்த்துவிடுவோம். மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் ஆபத்து என்று முடிவு செய்தால் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்லும், பிட்யூட்டரி ரத்தத்தில் இன்னொரு ஹார்மோனை விடும், அது சிறுநீரகத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியை எழுப்பும், அங்கிருந்து கார்ட்டிசோலோ கார்ட்டிகோஸ்டீரோனோ கிளம்பும். ரத்தத்தில் சர்க்கரை ஏறும். தேவைப்பட்டால் தசைப் புரதத்தை உடைத்துச் சக்தியாக்கும். இனப்பெருக்கம், வளர்ச்சி, நோய் எதிர்ப்பு இதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைக்கப்படும். வீட்டில் அவசரம் என்றால் நகையை அடகு வைப்பது மாதிரி. வைப்பதில் தப்பில்லை, அதற்குத்தான் நகை இருக்கிறது. மீட்காமலே விட்டால்தான் வட்டி ஏறி நகையே போய்விடும். உடம்பிலும் மீட்கும் ஏற்பாடு உண்டு. ரத்தத்தில் ஹார்மோன் போதுமான அளவு ஏறியதும் மூளை அதைக் கவனித்து, போதும் நிறுத்து என்று மேலிருந்தே கட்டளையை அணைக்கும்.

(காட்சி: பாறையில் குனிந்து இகுவானாவைப் பிடிக்கும் ஒருவர். ஓரத்தில் ஓடும் ஸ்டாப்வாட்ச்.)

இதை அளப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. விலங்கைப் பிடிப்பதே அதற்கு ஸ்ட்ரெஸ். கை பட்ட நொடியிலிருந்து கணக்கு ஓடத் தொடங்கிவிடும், மூன்று நிமிடத்துக்குள் ரத்தம் எடுத்தால்தான் அது பிடிப்பதற்கு முன் இருந்த அளவு. அதைத் தாண்டினால் நீங்கள் பிடித்ததால் ஏறியதையும் சேர்த்து அளக்கிறீர்கள். அதனால் முதல் ஊசி அவசரமாக, அப்புறம் விலங்கைக் கொஞ்ச நேரம் வைத்திருந்து எவ்வளவு ஏறியது என்று பார்க்க இன்னொரு ஊசி.

மைக்கேல் ரொமேரோவும் விக்கெல்ஸ்கியும் 98 ஆண் இகுவானாக்களிடம் நான்கு விஷயங்களைப் பார்த்தார்கள். சும்மா இருக்கும்போது ஹார்மோன் எவ்வளவு, பிடித்தால் எவ்வளவு ஏறுகிறது, பிட்யூட்டரி அனுப்பும் அந்த ஹார்மோனையே ஊசியாகப் போட்டு அட்ரீனலைத் தூண்டினால் எவ்வளவு வரை போகும், ஏறியது எவ்வளவு நன்றாக அடங்குகிறது. அளந்துவிட்டு விட்டுவிட்டார்கள். சில மாதம் கழித்து ஒரு லேசான எல் நினோ வந்தது. 23 செத்துப்போயின. 2010இல் வெளியான இந்த ஆய்வில் எனக்குப் பிடித்த இடம் இதுதான்: செத்தவற்றுக்கும் பிழைத்தவற்றுக்கும் முதல் மூன்று கணக்கிலும் வித்தியாசமே இல்லை. நான்காவதில் இருந்தது. செத்தவற்றின் உடம்புக்கு ஏறிய ஹார்மோனை அவ்வளவு நன்றாக அணைக்கத் தெரியவில்லை. பட்டினி வருவதற்கு மாதக்கணக்கு முன்பே அந்தக் குறை ரத்தத்தில் இருந்திருக்கிறது.

அதனால் "இந்த விலங்குக்கு ஸ்ட்ரெஸ் ஹார்மோன் அதிகம், பாவம்" என்று ஒரே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு யாராவது சொன்னால் நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்பேன். ஏறியது கேள்வி இல்லை, இறங்கியதா என்பதுதான் கேள்வி.

இதே தீவுகளில் 2001 ஜனவரியில் ஜெசிகா என்ற எண்ணெய்க் கப்பல் சான் கிறிஸ்டோபல் தீவில் தரைதட்டியது. காற்றும் நீரோட்டமும் எண்ணெயைக் கலைத்துவிட்டன, உடனடியாகச் செத்த விலங்குகள் குறைவு, எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் அடுத்த ஒரு வருடத்துக்குள் சாண்டா ஃபே தீவின் இகுவானாக்களில் 62 சதவீதம் காலி. எண்ணெய் எட்டாத ஹெனோவேசா தீவில் ஒன்றும் ஆகவில்லை. பாசியைச் செரிக்க உதவும் குடல் பாக்டீரியாக்களை மிச்சம் கிடந்த அந்தக் கொஞ்சூண்டு எண்ணெய் கொன்றிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் சந்தேகம். கரையில் நின்று பார்த்தால் பாறை சுத்தமாக இருக்கும், இகுவானா வழக்கம்போல மேய்ந்துகொண்டிருக்கும்.

சுற்றுலாப் பயணிகள் வரும் இடங்களிலும் அளந்தார்கள். சும்மா இருக்கும்போது அங்கேயும் ஹார்மோன் சாதாரணம், ஆனால் பிடித்தால் மற்ற இடத்து இகுவானா அளவுக்கு ஏறவில்லை. பழகிவிட்டன, நல்லதுதானே என்று தோன்றும். பின்னால் வந்த ஆய்வில், ஆள் நடமாட்டம் கூடக் கூட நோய் எதிர்ப்பு பலவீனமாக இருந்தது. எனக்கென்னவோ அந்த அமைதி அவ்வளவு நல்லதாகப் படவில்லை. நாய், பூனை வந்து சேர்ந்த தீவுகளில் வேறு சிக்கல்: ஆளையே பார்த்துப் பழகாத இகுவானாவைத் துரத்தினால் ஹார்மோன் ஏறுவதே இல்லை. ஒருமுறை பிடிபட்ட பிறகுதான் துரத்தினால் ஏறத் தொடங்குகிறது, கொஞ்சம் முன்கூட்டியே ஓடவும் செய்கிறது. நாயிடமிருந்து தப்பிக்க அந்தக் கொஞ்சம் போதாது.

(காட்சி: சாம்பல் நிறக் கடல். சின்னப் படகின் முனையில் ஒரு நாய் மூக்கைத் தூக்கி நிற்கிறது.)

சரி, திமிங்கலத்தைப் பிடித்து மூன்று நிமிடத்தில் ரத்தம் எடுக்க முடியுமா? முடியாது. அதனால் அதன் சாணத்தைத் தேடுகிறார்கள். வட அட்லாண்டிக் ரைட் திமிங்கலத்தின் சாணம் ஆரஞ்சும் பழுப்புமாகக் கொஞ்ச நேரம் மிதக்கும், நாற்றம் கடுமையாக இருக்கும், பயிற்சி பெற்ற நாய் தூரத்திலிருந்தே அதை மோப்பம் பிடித்துவிடும். கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் ரோசலிண்ட் ரோலண்ட் குழு சாணம் சேகரித்துக்கொண்டிருந்த 2001இல் செப்டம்பர் 11 தாக்குதல் நடந்தது. கப்பல் போக்குவரத்து சட்டென்று குறைந்தது. தண்ணீருக்கடியில் இரைச்சல் 6 டெசிபல் இறங்கியது, அதுவும் முக்கியமாக இந்தத் திமிங்கலங்கள் ஒன்றையொன்று கூப்பிடும் அந்தத் தாழ்ந்த அலைவரிசையில். அதே நாட்களில் எடுத்த சாணத்தில் ஸ்ட்ரெஸ் ஹார்மோனின் எச்சமும் குறைந்திருந்தது. அடுத்த நான்கு வருடங்களில் அதே செப்டம்பரில் பார்த்தபோது அப்படி ஒரு இறக்கம் இல்லை. கப்பல்களை வேண்டுமென்றே நிறுத்தி இப்படி ஒரு சோதனை செய்ய யாருக்கும் அனுமதி கிடைத்திருக்காது.

(காட்சி: முதுமலை. கோடை. இலை உதிர்ந்த மரங்கள், உண்ணிச்செடிப் புதர்.)

நம்ம பக்கத்திலும் இந்த வேலை நடந்திருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் சஞ்சீதா பொகரெல், ராமன் சுகுமார் குழுவினர் முதுமலை, பந்திப்பூர் காடுகளில் யானை லத்தி சேகரித்தார்கள். ரத்தம் அந்த நிமிடத்தைச் சொல்லும். லத்தி அப்படி இல்லை, கார்ட்டிசோல் கல்லீரலில் உடைந்து குடல் வழியாக வெளியே வர நேரமாகும், அதனால் முந்தின ஒன்றிரண்டு நாளின் கணக்குதான் அதில் இருக்கும். யானை போடுவதைத் தூரத்திலிருந்து பார்த்து, எது யாருடையது என்று குறித்துக்கொண்டு, அது நகர்ந்ததும் போய் எடுக்க வேண்டும். கூடவே விலா எலும்பு தெரிகிறதா, இடுப்பு எலும்பு துருத்துகிறதா என்று உடம்புக்கு மதிப்பெண். 2017இல் வந்த முடிவு எதிர்பார்த்ததுதான்: கோடையில் யானைகள் மெலிகின்றன, மெலிந்த யானையின் லத்தியில் ஹார்மோன் எச்சம் அதிகம், மழை வந்து புல் முளைத்தால் நிலைமை மாறுகிறது. வருடா வருடம் ஏறி இறங்குகிற கணக்கு.

எதிர்பாராதது 2019இல் வந்தது. வயலில் இறங்கிப் பயிரைத் தின்னும் யானைகள் ஆள், நாய், பட்டாசு, விளக்கு வெளிச்சம் எல்லாவற்றுக்கும் நடுவில் வாழ்கின்றன, அவற்றுக்குத்தான் ஸ்ட்ரெஸ் எகிற வேண்டும் என்று நாம் நினைப்போம். கர்நாடகத்தில் அப்படிப்பட்ட யானைகளின் லத்தியைப் பாதுகாக்கப்பட்ட காட்டு யானைகளின் லத்தியோடு ஒப்பிட்டால், ஹார்மோன் எச்சம் குறைவாக இருந்தது வயல் யானைகளில்தான். காரணம் சாப்பாட்டின் தரம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். காட்டுப் புல்லைவிடப் பயிரில் சத்து அதிகம்.

இதைக் கேட்டுவிட்டு யானைக்கு வயல்தான் நிம்மதி என்று கிளம்பிவிடக் கூடாது. மின்வேலியில் அடிபட்டுச் செத்த யானையின் லத்தி இந்தக் கணக்கில் வராது, ராத்திரி முழுக்கக் காவல் கிடக்கும் விவசாயியின் கார்ட்டிசோலை யாரும் அளக்கவில்லை. ஆனால் ஒன்று புரிகிறது. பட்டாசு வெடித்து விரட்டிய யானை அடுத்த ராத்திரியே அதே வயலுக்கு வருவதை அடம் என்றுதான் ஊரில் சொல்வார்கள். வெடிச் சத்தத்தில் ஏறியதெல்லாம் இரண்டு வயிறு ராகியில் இறங்கிவிடுகிறது என்றால், சத்தத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போவதில் எவ்வளவு பலன் இருக்கும் என்று எனக்குச் சந்தேகம்தான்.