டி வ்ரீஸைக் கொடுத்துவிட்டார்கள்! பால்கனிப் பேச்சு, ஆகஸ்ட் 1, 2025

வணக்கம் மக்களே. அதே சான் டியேகோ மிரா மெசா பால்கனி, அதே டபரா செட், முகம் மட்டும் இன்று சரியில்லை. நேற்று ஜூலை 31, பேஸ்பாலில் அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் ட்ரேட் கெடு முடிகிற நாள். எங்கள் ஊர் நேரத்துக்கு மதியம் 3 மணியோடு கதவைச் சாத்திவிடுவார்கள். நான் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன், ஃபோன் மேசை மேல் அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுத்துப் பார்த்தால் வீட்டுக்காரரிடமிருந்து ஒரே வரி: "உன் பையனைக் கொடுத்துட்டாங்க."

என் பையன் என்றால் யார் என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். லியோ டி வ்ரீஸ், இரண்டாம் மூன்றாம் பேஸுக்கு நடுவே நின்று பந்தைத் தடுக்கிற ஷார்ட்ஸ்டாப். போன வருஷம் லேக் எல்சினோர் வீடியோவில், "இந்தப் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்" என்று இரண்டு தடவை சொன்னேனே, அவன்தான். எங்கள் ஊர் அணியான பாட்ரேஸ் அவனையும் கூடவே பந்து போடுகிற மூன்று பிட்ச்சர்களையும் அத்லெட்டிக்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு, மேசன் மில்லரை வாங்கியிருக்கிறது. பெரிய லீகுக்குக் கீழ்ப்படிகளான மைனர் லீகில் ஆடுகிற எல்லாரையும் வரிசைப்படுத்துகிற பட்டியலில் மூன்றாவது இடத்தில் இருந்த பையன். வயது 18. அவனைக் கொடுத்து வாங்கியது, ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸில் ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று பந்து போடுகிறவரை! எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

சரி, முதலில் இந்தத் தொப்பி. தெரிகிறதா? லேக் எல்சினோர் ஸ்டார்ம் அணியின் தொப்பி, முன்னால் இரண்டு கண்கள் மட்டும் உங்களையே முறைத்துப் பார்க்கும். பாட்ரேஸின் கீழ் இருக்கிற சிங்கிள்-ஏ அணி அது, மைனர் லீகின் கீழ்ப்படிகளில் ஒன்று. 2024 கோடையில் ஒரு வெள்ளிக்கிழமை அங்கே போனோம். இங்கிருந்து 15ஆம் ஃப்ரீவேயில் ஏறினால் ஒரு மணி நேரம். வெள்ளிக்கிழமை சாயந்தரம் அந்தக் கணக்கு செல்லாது. எஸ்கண்டிடோவில் தொடங்கி டெமெக்யுலா தாண்டுகிற வரை கார் நகரவே இல்லை, இரண்டேகால் மணி நேரம் ஆனது. இறங்கினதும் பசி, தாகம், எரிச்சல். அந்த நிலையில்தான் இந்தத் தொப்பியைப் பார்த்தேன். 38 டாலர். என் தலை அளவுக்கு ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. எனக்குப் பின்னால் ஒருவர் கை நீட்டுவதற்குள் எடுத்துவிட்டேன்! இன்று வரை அதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அம்மாவிடம் வீடியோ காலில் காட்டினால், "மூவாயிரம் ரூபாய்க்குத் தொப்பியா" என்று ஆரம்பித்தார். அப்புறம் அந்தக் கண்களை உற்றுப் பார்த்துவிட்டு, "சரி, வாசலில் மாட்டி வை, திருஷ்டி அண்டாது" என்றார். அன்றிலிருந்து அது வாசல் ஆணியில்தான் தொங்குகிறது. ஆனால் திருஷ்டி வீட்டுக்குப் படாமல் பையனுக்குப் பட்டுவிட்டது போலிருக்கிறது.

அன்று அவன் பெரிதாக ஒன்றும் அடிக்கவில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன். 17 வயது, எதிரே பந்து போடுகிறவர்களுக்கு இருபது, இருபத்தொன்று. இரண்டு பக்கமும் நின்று அடிக்கிற ஸ்விட்ச் ஹிட்டர். ஒரு முறை இரண்டு ஸ்ட்ரைக் விழுந்து, இன்னொன்று விழுந்தால் அவுட் என்ற நிலையிலும், அடிக்கத் தூண்டுகிற மாதிரி வந்த பந்துகளை ஒவ்வொன்றாக விட்டுவிட்டு, மட்டையை மெதுவாகக் கீழே வைத்து, தவறான பந்துகளை விட்டதற்கே கிடைக்கிற முதல் பேஸுக்கு நடந்தான். அந்த வயதில் எல்லாப் பையன்களுக்கும் கை பரபரக்கும். இவனுக்குப் பரபரக்கவில்லை. நான் விழுந்தது அந்த இடத்தில்தான். அந்த வருஷம் அங்கே 75 ஆட்டம், 11 ஹோம் ரன். இந்த வருஷம் ஒரு படி மேலே, இண்டியானாவில் ஃபோர்ட் வேன் அணியில் ஆடிக்கொண்டிருந்தான்.

இப்போது வீட்டில் நடக்கிற சண்டைக்கு வருகிறேன். எங்கள் வீட்டுக்காரருக்கு இந்த ட்ரேட் ரொம்பப் பிடித்திருக்கிறது. அவர் சொல்வதையும் ஒழுங்காகச் சொல்கிறேன். மில்லர் சராசரியாகவே மணிக்கு 100 மைலுக்கு மேல் போடுகிறவர். போன வருஷம் புதுமுகமாக வந்து, சீசனின் சிறந்தவர்களைத் தேர்ந்தெடுக்கிற ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் இடம் பிடித்தவர். வயது 26தான். முக்கியமாக, இரண்டு மாத வாடகைக்கு வந்தவர் இல்லை, 2029 வரை நம் அணியிடம்தான். இப்போதைய க்ளோசர், அதாவது கடைசி இன்னிங்ஸ் போடுகிறவர், ராபர்ட் சுவாரெஸ் சீசன் முடிந்ததும் ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ளலாம், அப்போது கடைசி இன்னிங்ஸுக்கு ஆள் வேண்டும். இதெல்லாம் சரிதான், நான் மறுக்கவில்லை.

ஆனால் கணக்குப் போடுங்கள். 162 ஆட்டம், ஆட்டத்துக்கு 9 இன்னிங்ஸ், மொத்தம் 1,458. ஒரு க்ளோசர் வருஷத்துக்கு 65 இன்னிங்ஸ் போட்டால் நூற்றுக்கு நாலரை. ஷார்ட்ஸ்டாப் தினமும் களத்தில் நிற்பவன். அதிலும் நம்மிடம் குறைவாக இருந்ததா புல்பென், அதாவது ஆட்டத்தின் பின்பகுதியில் வந்து பந்து போடுகிறவர்கள் கூட்டம்? சுவாரெஸ், ஜேசன் ஆடம், ஏட்ரியன் மொரெஹோன் என்று இந்த வருஷ ஆல்-ஸ்டாருக்கு நம் புல்பென்னிலிருந்து மட்டும் மூன்று பேர் போனார்கள். அரிசி மூட்டை நிறைய இருக்கிற வீட்டில் இன்னொரு மூட்டை வாங்க, தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுத்த மாதிரி இருக்கிறது.

அவர் உடனே, "அக்டோபரில் அந்த நாலரைதான் எல்லாம்" என்கிறார். கோப்பைச் சுற்று நடக்கிற மாதம் அது, சரி, போன அக்டோபரை மறந்துவிட்டாரா? டாட்ஜர்ஸோடு ஐந்து ஆட்டத் தொடரில் 2-1 என்று முன்னால் இருந்தோம். அதற்கப்புறம் நாம் ஒரு ரன் எடுக்கவில்லை. மூன்றாவது ஆட்டத்தின் மூன்றாவது இன்னிங்ஸிலிருந்தே கணக்கிட்டால் தொடர்ந்து 24 இன்னிங்ஸ், ஒரு ரன் கூட இல்லை! கடைசி ஆட்டம் 2-0. நம் பிட்ச்சர்கள் கொடுத்ததே இரண்டு ரன். அந்த ராத்திரி நான் போட்ட வீடியோவில் பேச்சே வரவில்லை, பார்த்திருப்பீர்கள். தோற்றது மட்டையால். மட்டைதான் நமக்கு வேண்டும். அதைத்தான் கொடுத்துவிட்டோம்.

"அந்த மட்டை இந்த அக்டோபரில் இண்டியானாவில்தானே இருந்திருக்கும்?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது, ஒப்புக்கொள்கிறேன். அதற்குத்தான் அதே நாளில் பால்டிமோரிடமிருந்து மட்டைக்காரர்கள் ரயன் ஓ'ஹெர்னையும் ரமோன் லோரியானோவையும் வாங்கினார்கள். ஆறு பையன்கள் போனார்கள், ஆனால் டி வ்ரீஸ் தரத்தில் ஒருவரும் இல்லை. அதற்குக் கை தட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், மில்லரோடு ஜே.பி. சியர்ஸ் என்ற இடக்கை பிட்ச்சரும் வருகிறார். ஆட்டத்தைத் தொடங்குகிறவர். அவரைப் பற்றி இப்போதைக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

இந்தப் பையன்கள் ஏன் இப்படிக் கைமாறுகிறார்கள் என்று புதிதாக வந்தவர்கள் கேட்பீர்கள். கூடைப்பந்தில் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கிற வருங்கால டிராஃப்ட் வாய்ப்பையே பண்டமாற்றுச் செய்யலாம். பேஸ்பாலில் சில விதிவிலக்கு தவிர அது முடியாது. அதனால் மைனர் லீக் பையன்கள்தான் செலாவணி. இதில் பாட்ரேஸின் பொது மேலாளர் ஏ.ஜே. ப்ரெல்லர் கெட்டிக்காரர், கை நிற்காதவரும் கூட. 2022 ஆகஸ்டில் வாஷிங்டன் அணியிடமிருந்து வான் சோட்டோ என்ற நட்சத்திர மட்டைக்காரரை வாங்கக் கொடுத்த பட்டியல் நினைவிருக்கிறதா? ஏப்ரம்ஸ், கோர், ஜேம்ஸ் வுட், ராபர்ட் ஹாசெல், சுசானா. வீட்டுக்காரர் ஹாசெல் பெயரை எடுப்பார்: அன்று அவ்வளவு புகழ்ந்தார்களே, இந்த மே மாதம்தானே பெரிய லீகில் முதல் ஆட்டம் ஆடினான் என்பார். நான் வுட்டைக் காட்டுவேன்: இந்த வருஷம் ஆல்-ஸ்டார், ஹோம் ரன் போட்டியில் கூட அடித்தார். கோரும் இந்த வருஷம் ஆல்-ஸ்டார். ஏப்ரம்ஸ் போன வருஷம். சோட்டோ நம்மிடம் இருந்ததோ ஒன்றரை சீசன்.

எனக்கு உண்மையில் வலிப்பது வேறு. 2016 ஜூனில் இதே ப்ரெல்லர் ஜேம்ஸ் ஷீல்ட்ஸ் என்ற அனுபவசாலி பிட்ச்சரை ஒயிட் சாக்ஸிடம் தள்ளிவிட்டு, ஒரு டொமினிகன் பையனை வாங்கினார். 17 வயது, தொழில்முறை ஆட்டம் ஒன்று கூட ஆடாதவன். அவன்தான் ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியர்! 2019இல் வந்து இறங்கினான், இந்த ஊரே தலையில் தூக்கி வைத்து ஆடியது. டீனேஜ் ஷார்ட்ஸ்டாப்பின் விலை என்ன என்று உலகத்தில் ஒரு அணிக்குத் தெரியும் என்றால், அது நம் அணிதான். டி வ்ரீஸும் டொமினிகன்தான், 2024 ஜனவரியில் 42 லட்சம் டாலருக்கு நாம்தான் கையெழுத்து வாங்கினோம். இப்போது நாம் ஒயிட் சாக்ஸ் பக்கம் நிற்கிறோம்.

அந்தப் பையனையும் நினைத்துப் பாருங்கள். சோட்டோ ட்ரேடில் நம் அணியில் இருந்த எரிக் ஹாஸ்மர் "நான் வாஷிங்டன் போகமாட்டேன்" என்று சொன்னார், ஒப்பந்தத்தில் அவருக்கு அந்த உரிமை இருந்தது, போகவில்லை. 18 வயசுப் பையனுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. ஃபோன் வரும், பெட்டியைக் கட்ட வேண்டும். போவதும் எங்கே? சொந்த ஊர் ஓக்லாந்தை விட்டு வந்து, மேற்கு சாக்ரமெண்டோவில் ஒரு மைனர் லீக் மைதானத்தை இரவல் வாங்கி ஆடிக்கொண்டிருக்கிற அணி, அடுத்து லாஸ் வேகாஸ் போகப் போகிறது. அவன் அம்மா அப்பா அங்கே டொமினிகனில் இதை எப்படிப் புரிந்துகொண்டார்களோ.

மில்லர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அவர் கல்லூரியில் படிக்கும்போது டைப் 1 சர்க்கரை இருப்பது தெரியவந்தது. சின்னக் கல்லூரி, யாரும் கவனிக்காத இடம், அங்கிருந்து வந்து இப்படிப் பந்து போடுகிறார். எங்கள் வீட்டிலும் சர்க்கரை உண்டு, அந்த ஊசியும் சாப்பாட்டுக் கணக்கும் எவ்வளவு பாடு என்று தெரியும். 1969இலிருந்து இந்த ஊர் ஒரு உலகத் தொடர் கோப்பைக்காகக் காத்திருக்கிறது. 1984, 1998, இரண்டு தடவையும் கடைசிப் படியில் சறுக்கினோம். அவர் கையால் அது வந்தால் நான் தெருவில் இறங்கி ஆடுவேன்.

சரி, இன்று செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் ஆட்டம். நம் மைதானமான பெட்கோ பார்க் பக்கம் பார்க்கிங் கேட்கிற காசு வயிற்றெரிச்சல், அதனால் வழக்கம்போல நோபல் டிரைவ் ஸ்டேஷனில் காரை விட்டுவிட்டு ப்ளூ லைன் டிராலி, இரண்டரை டாலர். புளிசாதம் கட்டியாகிவிட்டது. வீட்டுக்காரர் மில்லர் பெயர் போட்ட சட்டை கிடைக்குமா என்று இப்போதே தேடிக்கொண்டிருக்கிறார். நான் ஆணியிலிருந்து இந்தக் கண் தொப்பியைக் கழற்றியாகிவிட்டது, இதைப் போட்டுக்கொண்டுதான் வருவேன் என்று சொல்லிவிட்டேன்.