ஒரு பம்பு, முந்நூறு பேர்

நேயர்களுக்கு வணக்கம்.

ரோட்டரி சங்கங்கள் உலகெங்கும் ஏழு துறைகளில் தொண்டு செய்கின்றன. அந்தப் பட்டியலில் குடிநீரும் சுகாதாரமும் ஒரு வரி. அமைதியை வளர்ப்பதும் பூசலைத் தடுப்பதும் இன்னொரு வரி. காகிதத்தில் இவை தனித்தனி. ஊருக்குள் போனால் இரண்டும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன: அடிபம்புக்கு முன்னால் நீளும் வரிசையில். இன்று அந்த வரிசையைப் பற்றித்தான் பேசப் போகிறேன். இடம், உகாண்டா.

உகாண்டாவின் வடமேற்கு மூலையில் யும்பே மாவட்டம் இருக்கிறது. தென் சூடான் போரிலிருந்து தப்பி வந்தவர்களுக்காக 2016 ஆகஸ்டில் அங்கே பிடிபிடி குடியிருப்பைத் திறந்தார்கள். சில மாதங்களுக்குள் இரண்டரை லட்சம் பேர் வந்து சேர்ந்தார்கள். தொடக்கத்தில் லாரியில்தான் தண்ணீர் வந்தது. பிறகு ஆழ்துளைக் கிணறுகள், அடிபம்புகள், சூரிய சக்தி மோட்டார்கள் என்று ஒவ்வொன்றாக ஏற்பட்டன. உள்ளூர்க்காரர்கள் பேசுவது அரிங்கா. வந்தவர்கள் பேசுவது பாரி, காக்குவா, ஜூபா அரபி. இரு தரப்பும் ஒரே நிலத்தடி நீரைத்தான் எடுக்கிறார்கள். அகதிகளுக்கென்று வரும் உதவியில் 30 சதவீதம் சுற்றுவட்டார ஊர்களுக்கும் போக வேண்டும் என்பது உகாண்டா கடைப்பிடிக்கும் விதி. மிகவும் நல்ல விதி. "எங்கள் மண்ணில் குழி தோண்டி அவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறீர்கள்" என்ற மனக்குறையை முளையிலேயே கிள்ளுவது அதுதான். அங்கே கிணறு தோண்டப் போகும் எந்தச் சங்கமும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதை.

அந்த நாட்டின் அடிபம்புக்கும் நமக்கும் ஒரு உறவு உண்டு. அங்கே 'யூ டூ' என்று சொல்லும் பம்பு வேறொன்றுமில்லை, நம் தெருக்களில் நிற்கும் இந்தியா மார்க் டூ. 1970களில் யுனிசெஃபும் இந்திய அரசும் சேர்ந்து உருவாக்கி, சென்னையில் ரிச்சர்ட்சன் அண்டு க்ரூடாஸ் தொழிற்சாலையில் தயாரித்த பம்பு. அதில் பழுது பார்ப்பது சிரமமாக இருந்ததால், 1980களில் கோயம்புத்தூர் வட்டாரக் கிராமங்களில் ஆண்டுக்கணக்கில் சோதனை நடத்தி மார்க் த்ரீயைக் கொண்டு வந்தார்கள். உகாண்டாவில் அதன் பெயர் 'யூ த்ரீ'. தோல் வாஷர் போய் நைட்ரைல் ரப்பர் வாஷர் வந்ததும் அந்தக் கோவைச் சோதனைகளின் பலன்தான்.

இப்போது கணக்குக்கு வருவோம். நிமிடத்துக்கு 40 அடி அடித்தால் மார்க் டூ ஏறத்தாழ 12 லிட்டர் தரும். ஆப்பிரிக்காவில் குடத்துக்குப் பதில் 20 லிட்டர் மஞ்சள் கேன். அது நிறைய 100 விநாடி. கேனை நகர்த்தி அடுத்ததை வைக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு கேனுக்கு 2 நிமிடம். மணிக்கு 30 கேன். பத்து மணி நேரம் ஓயாமல் அடித்தால் 300 கேன், அதாவது 6,000 லிட்டர். ஆளுக்கு 20 லிட்டர் என்று வைத்தால் 300 பேருக்குச் சரியாக இருக்கும். உகாண்டாவில் ஒரு பம்புக்கு 300 பேர் என்று வைத்திருப்பதும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது.

நிவாரணப் பணிகளுக்கான ஸ்ஃபியர் நெறிகள் ஒரு அடிபம்புக்கு 500 பேர் வரை போகலாம் என்கின்றன. பல சங்கங்கள் அந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. நிமிடத்துக்கு 17 லிட்டர் வரும் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. ஆளுக்குக் குறைந்த அளவு 15 லிட்டர்தான், வரிசையில் 30 நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்பதும் அதே நெறிகளில் இருக்கிறது. 12 லிட்டர் தரும் பம்பில் 500 பேரை விட்டுவிட்டு ஆளுக்கு 20 லிட்டர் என்றால், 500 கேனுக்கு 1,000 நிமிடம் வேண்டும். பதினாறு மணி நாற்பது நிமிடம்! இருட்டிய பிறகும் பெண்களும் பிள்ளைகளும் பம்படியில் நிற்பார்கள். அங்கே சண்டை வந்தால் அவர்கள் குணத்தைக் குறை சொல்வது அநியாயம். சண்டையை மூட்டியது நம் கணக்கு.

300 பேர் இருந்தாலும் நெரிசல் உண்டு. 60 வீடு. வீட்டுக்கு ஒரு நாளைக்கு 5 கேன். காலையில் எல்லா வீடும் இரண்டிரண்டு கேன் கொண்டு வந்தால் 120 கேன், 4 மணி நேரம். கடைசி ஆள் காலைப் பொழுதையே இழக்கிறார். 30 வீட்டுக்குக் காலை, 30 வீட்டுக்கு மாலை என்று முறை வைத்தால் அது 2 மணி நேரமாகக் குறையும். ஒருவர் ஒரு முறைக்கு இரண்டு கேன்தான், மூன்றாவது கேன் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும் என்ற ஒரு விதி பாதிச் சச்சரவைத் தீர்க்கும். கர்ப்பிணிக்கும் முதியவருக்கும் ஊனமுற்றவருக்கும் முன்னுரிமை என்பதை ஊர்க் கூட்டத்தில் எல்லோர் முன்னும் பேசி முடிவு செய்ய வேண்டும். வரிசையில் நிற்கும்போது முடிவு செய்யப் போனால் அதுவே அடுத்த சண்டை. மாடுகளுக்குத் தனித் தொட்டி வேண்டும். வழியும் நீரை வாய்க்கால் வெட்டிப் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளிக் கொண்டுபோய் அங்கே தொட்டி கட்ட வேண்டும். பம்பைச் சுற்றி வேலி. இல்லாவிட்டால் மேய்ப்பவருக்கும் குடிப்பவருக்கும் ஒத்துப்போகாது, சேற்றில் சாணமும் கலந்து கிணற்றுக்குள் இறங்கும்.

கிணறு தோண்டும்போது செய்ய வேண்டியவை. கழிப்பறைக்குழியிலிருந்து குறைந்தது 30 மீட்டர் விலகி இருக்க வேண்டும். கிணற்றுச் சுவர் சரியாமல் தாங்கும் கேசிங் பைப்புக்கு வெளியே மேல்பகுதியைச் சிமென்ட் கலவையால் அடைக்க வேண்டும். பல ஒப்பந்தக்காரர்கள் விட்டுவிடுவது இதைத்தான். மண் மூடிவிட்டால் வெளியே தெரியாது, ஆனால் முதல் மழையிலேயே மேல்நீர் கேசிங் ஓரமாக இறங்கும். அந்த நேரத்தில் சங்கத்தின் ஆள் ஒருவர் கிணற்றடியில் நின்று சிமென்ட் மூட்டைகளை எண்ண வேண்டும். தண்ணீர் தெளியும்வரை காற்றழுத்தத்தால் கழுவ வேண்டும். பிறகு ஊற்றுச் சோதனை. மணிக்கு 500 லிட்டர் ஊறினால் அடிபம்பு போடலாம் என்பது பொதுவான கீழ் எல்லை. ஆனால் 12 லிட்டர் கணக்கில் பம்பு கேட்பது மணிக்கு 720 லிட்டர். 500 லிட்டர் ஊறும் கிணறு 300 பேரைத் தாங்காது, நடுப்பகலில் பம்பில் தண்ணீருக்குப் பதில் காற்றுதான் வரும். 'தண்ணீர் கிடைத்தது' என்று அறிக்கை எழுதும்போது எத்தனை பேருக்கு என்பதையும் எழுத வேண்டும்.

தண்ணீர்ச் சோதனையில் 100 மில்லியில், மலக் கலப்பைக் காட்டும் ஈ கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஃபுளூரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்குள், நைட்ரேட் 50 மில்லிகிராமுக்குள். பம்பை மாட்டிய பிறகு கிணற்றுக்குக் குளோரின் போட வேண்டும். ஏறத்தாழ ஆறு அங்குல (150 மில்லிமீட்டர்) விட்டமுள்ள கிணற்றில் மீட்டருக்கு 17.7 லிட்டர் நிற்கும். 40 மீட்டர் நீர் நின்றால் சுமார் 700 லிட்டர். லிட்டருக்கு 50 மில்லிகிராம் வீதம் 35 கிராம் குளோரின் வேண்டும். 33 சதவீத பிளீச்சிங் பவுடர் என்றால் சுமார் 106 கிராம். பழைய பவுடரில் வீரியம் போயிருக்கும், புதிதாக வாங்க வேண்டும். வாளியில் கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, குழாய் வாயில் குளோரின் வாடை வரும்வரை அடித்து, இரவு முழுக்க விட்டு, மறுநாள் வாடை போகும்வரை இறைத்து விட வேண்டும்.

இனி, ஊர் ஊராகப் பம்புகளைக் கொன்ற ஒரு விஷயம். பி.ஹெச் 6.5க்குக் கீழே உள்ள, அதாவது அமிலத்தன்மை கூடிய நிலத்தடி நீர், துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயான ஜி.ஐ. பைப்பை அரிக்கும். துத்தநாகப் பூச்சு கரைந்த பிறகு இரும்பு. தண்ணீர் சிவக்கும், சோறு கறுக்கும், துணியில் கறை. மக்கள் பழைய ஓடைக்கே திரும்பிவிடுவார்கள். பம்பு வேலை செய்துகொண்டே இருக்கும், யாரும் வர மாட்டார்கள். இந்தச் சேதம் பெருகியதால் 2016இல் உகாண்டா நீர்த்துறை அமைச்சகம் அடிபம்புகளில் ஜி.ஐ. பைப் போடுவதை நிறுத்தச் சொன்னது. துருப்பிடிக்காத எஃகு அல்லது யூ.பி.வி.சி. எனும் கெட்டிப் பிளாஸ்டிக் பைப் போட வேண்டும். யூ.பி.வி.சி. எடை குறைவு, ஆனால் ஜி.ஐ. பைப்புக்கான கிளாம்பை அதில் போட்டு இறுக்கினால் வெடிக்கும். உள்ளூர் மெக்கானிக்குக் கிளாம்பையும் சேர்த்தே வாங்கிக் கொடுக்க வேண்டும்.

சிவப்பு, பாறையிலிருந்து வருகிறதா பைப்பிலிருந்து வருகிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. இரவு முழுக்கப் பம்பைப் பூட்டி வைத்து, காலையில் முதல் வாளி நீரை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் எடுங்கள். பிறகு ஒரு மணி நேரம் தொடர்ந்து அடித்துவிட்டு இன்னொரு பாட்டில் எடுங்கள். முதல் பாட்டில் சிவந்து இரண்டாவது தெளிந்திருந்தால் குற்றம் பைப்பில். இரண்டும் சிவந்தால் நிலத்தடி நீரிலேயே இரும்பு இருக்கிறது. பைப்பை மாற்றிப் பயனில்லை, வடிகட்டும் தொட்டிதான் வேண்டும். இதைப் பார்க்காமல் கிணற்றையே கைவிட்ட ஊர்கள் இருப்பது வேதனை.

ஆப்பிரிக்காவின் 20 நாடுகளை எடுத்து 2009இல் தொகுத்த கணக்கில், 36 சதவீத அடிபம்புகள் ஓடாமல் நின்றன. அறுந்தது பெரும்பாலும் சிறிய பொருளாகவே இருக்கும். ஆனால் மார்க் டூவில் ஒரு வாஷர் மாற்றவும் முழு பைப்பையும் வெளியே இழுக்க வேண்டும். 45 மீட்டர் என்றால் மூன்று மீட்டர் பைப் பதினைந்து, ஒன்று பத்துக் கிலோ. முக்காலியும் நான்கு ஆளும் வேண்டும். மார்க் த்ரீயில் 65 மில்லிமீட்டர் பைப் வழியாகவே பிஸ்டனை மேலே எடுத்துவிடலாம். பைப்பின் விலையும் எடையும் கூடுதல், பழுது பார்ப்பது சுலபம். ஆழம் குறைவாக இருந்தால் மார்க் த்ரீ நல்லது என்பது என் கருத்து.

இந்தப் பராமரிப்புக்குப் பணம் யார் கொடுப்பது? 60 வீடும் மாதம் 1,000 உகாண்டா ஷில்லிங் கொடுத்தால் ஆண்டுக்கு 7,20,000. அதில் வாஷர், செயின் கிரீஸ், மெக்கானிக் கூலி அடங்கும். ஆனால் பைப் முழுவதையும் மாற்ற ஒரு நாள் பணம் வேண்டும், அதற்காக ஆண்டுதோறும் ஒரு பங்கைத் தனியே ஒதுக்க வேண்டும். பம்பைப் பராமரிக்கும் ஊர்க் குழுவில் பாதிக்குமேல் பெண்கள் இருக்க வேண்டும். பிடிபிடி போன்ற இடத்தில் உள்ளூர்க்காரரும் வந்தவரும் சேர்ந்த குழுதான் வேண்டும். பொருளாளர் ஒரு தரப்பு என்றால் பணப்பெட்டிச் சாவி மறு தரப்பிடம் இருக்கட்டும். கணக்கை மாதம் ஒருமுறை பம்படியிலேயே, இரு தரப்பின் மொழியிலும், வாய்விட்டுப் படிக்க வேண்டும். பணம் எங்கே என்ற சந்தேகம் வந்துவிட்டால் அடுத்த மாதம் யாரும் கொடுக்க மாட்டார்கள், அதற்கடுத்த மாதம் பம்பு நிற்கும், பிறகு யார் கெடுத்தது என்ற பேச்சு இனப் பேச்சாக மாறும்.

ரோட்டரி அறக்கட்டளை சங்கங்களுக்குத் தரும் குளோபல் கிராண்ட் என்ற நிதியுதவி இந்த விஷயத்தில் கண்டிப்பானது. திட்டம் குறைந்தது 30,000 டாலருக்கு இருக்க வேண்டும். திட்டம் நடக்கும் நாட்டில் ஒரு சங்கம், வெளிநாட்டில் ஒரு சங்கம் என்று இரண்டு கை சேர வேண்டும். ரோட்டரி மாவட்டத்தின் நிதியிலிருந்து 20,000 டாலர் போட்டால் ரோட்டரியின் உலக நிதி அதில் 80 சதவீதம், அதாவது 16,000 சேர்க்கும். ஆனால் அதற்கு முன் ஊரின் தேவையை ஆராய்ந்த அறிக்கை வேண்டும். ஏற்கெனவே தொடங்கிய வேலைக்குப் பணம் கிடைக்காது. முடிந்த பிறகு சொத்து சங்கத்தின் பேரில் இருக்கக் கூடாது, ஊரின் பேருக்குப் போக வேண்டும். நிலத்தைக் கொடுத்தவர் எழுதிக் கொடுத்த தாளும் அந்தக் கோப்பில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் விட்டால், அவர் மகன் தலையெடுக்கும்போது வேலி நகரும்.

கம்பாலாவில் மகரெரே பல்கலைக்கழகத்தில் ரோட்டரி அமைதி மையம் 2021 முதல் இயங்குகிறது. ஏற்கெனவே பணியில் இருக்கும் சமூக ஊழியர்களுக்குப் பூசல் தீர்க்கும் பயிற்சி தருகிறார்கள். உகாண்டாவில் தண்ணீர்த் திட்டம் எடுக்கும் சங்கம், அங்கே பயின்ற ஒருவரைத் தேவை ஆராய்ச்சிக்கே அழைக்க வேண்டும். சண்டை வந்த பிறகு அழைத்தால் வரிசை விதியை மாற்றும் வாய்ப்பு ஏற்கெனவே கைவிட்டுப் போயிருக்கும்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்கள் தெருவில் இன்னும் ஒரு மார்க் டூ நின்றால், இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். பம்பை அடித்து நீர் வந்ததும் அரைமணி நேரம் விடுங்கள். மறுபடி அடிக்கும்போது நீர் வர ஐந்து முறைக்குமேல் அடிக்க வேண்டியிருந்தால், அடியில் உள்ள ஃபுட் வால்விலோ பைப் மூட்டிலோ கசிவு. உடனே வருகிறது, ஆனால் ஒரு நிமிடத்தில் 40 முறை அடித்தும் வழக்கமான 12 லிட்டருக்கு மிகவும் குறைவாகவே வருகிறது என்றால் வாஷர் தேய்ந்திருக்கிறது. கைப்பிடி எடையே இல்லாமல் ஏறி இறங்கினால், கைப்பிடியைக் கீழே பிஸ்டனோடு இணைக்கும் ராடு அறுந்திருக்கும், மேற்கொண்டு அடிக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

நன்றி, வணக்கம்.