வளைவு மீது வழக்குப் போட முடியாது

நடுவர் ஐயாவுக்கும் சபையில் உள்ள எல்லோருக்கும் வணக்கம். தலைப்பை இன்னொரு தடவை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு முன்னால் பேசிய எதிரணி ஆசிரியர், குடித்துவிட்டு ஓட்டுகிற சாரதியைப் பிடித்தவர் கடைசி வரைக்கும் விடவே இல்லை. இலங்கை மலையகத்து வீதி விபத்துகளுக்குப் பெரிதும் காரணம் சாரதியின் கவனயீனமா, இல்லை வீதியும் வாகனமும் அவற்றைப் பார்க்க வேண்டிய நிர்வாகமுமா? நாங்கள் இரண்டாவது கட்சி. சாரதி தப்பே செய்வதில்லை என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொன்னால் இன்றைக்கு ஹட்டன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தவர்களே என்னை மேடையிலிருந்து இறக்கிவிடுவார்கள்.

ஆசிரியர் கையில் வைத்துக்கொண்டு பேசியது பொலிஸ் பட்டியல். வேகம், முந்திச் செல்வது, மது, தூக்கம் என்று வருசா வருசம் அதே வரிசைதான். சரி, அந்தப் பட்டியல் எப்படி உண்டாகிறது? விபத்து நடந்த இடத்துக்குப் பொலிஸ் வந்ததும் முதலில் பார்ப்பது யார் மேல் வழக்குப் போடலாம் என்று. சாரதி மேல் போடலாம். வளைவின் மேல் போட முடியுமா? சரிந்து கிடக்கிற மண்மேட்டின் மேல்? போடாமலே விட்ட பாதுகாப்பு வேலியின் மேல்? அதனால்தான் 'காரணம்' என்ற கட்டத்தில் எப்போதும் ஒரு மனுசன் வந்து உட்கார்ந்துகொள்கிறான்.

இப்போது வருடக் கணக்கைப் பாருங்கள், எதிரணி அதை மேலோட்டமாகத் தொட்டுவிட்டு ஓடிவிட்டது. 2016 முதல் 2018 வரை இந்த நாட்டு வீதிகளில் வருடத்துக்கு 3,000 பேர் அளவில் செத்தார்கள், அதாவது நாளுக்கு எட்டுப் பேர். 2020இல் அது 2,500க்கும் கீழே இறங்கியது. ஏன், அந்த வருடம் நம்முடைய சாரதிகள் எல்லோரும் மாலை போட்டு விரதம் இருந்தார்களா? கொரோனா ஊரடங்கு ஐயா! அந்த வருட மார்ச்சில் வாகன இறக்குமதியும் நின்றது, 2022இல் எரிபொருள் இல்லாமல், கியூஆர் குறியீட்டைக் காட்டி அளவாக வாங்குகிற வரிசையில் நின்றோம், அந்த வருடங்களில் எண்ணிக்கை பழைய உயரத்துக்குப் போகவில்லை. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதியைத் திறந்தார்கள், அந்த வருடம் மரணமும் மறுபடி ஏறியது. சாரதி அதே சாரதிதான், அவருடைய குணமும் அதேதான். வீதியில் எத்தனை வண்டி, என்ன வண்டி, எப்படிப்பட்ட வீதி என்பதை வைத்துத்தான் சாவு ஏறி இறங்குகிறது. வண்டி குறைந்தால் சாரதியின் தவறும் குறையும்தானே என்று ஆசிரியர் தலையாட்டுகிறார், நன்றி, அதைத்தான் நானும் சொல்கிறேன்: எண்ணிக்கையைக் குறைத்தது ஒழுக்கம் இல்லை.

இனி நம்ம மலைக்கு வருவோம். 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில், கொழும்பிலிருந்து மாணவர்களைச் சுற்றுலா கூட்டிவந்த பஸ் ஒரு வேனிலும் ஆட்டோவிலும் மோதி ஏழு பேர் இறந்துபோனார்கள். பிரேக் பிடிக்கவில்லை என்றார்கள். மலையில் பிரேக் எப்படிப் போகிறது என்று இங்கே இருக்கிற சாரதி அண்ணன்மாருக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கியரைக் குறைத்து எஞ்சினைப் பிடிக்கவிட்டு இறக்கவேண்டிய பள்ளத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் ட்ரம் சூடேறும், லைனிங் கருகுகிற வாடை முதலில் பின்சீட்டுக்காரருக்கு வரும், அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. ஆசிரியர் உடனே "அது சாரதியின் அறியாமை" என்பார். ஆனால் தட்டையான ஊரில் ஓட்டிக்காட்டி எடுத்த லைசன்ஸை வைத்துக்கொண்டு ஐம்பது பிள்ளைகளோடு ரதல்லையில் இறங்கலாம் என்று அனுமதித்தது யார்? அந்த விபத்துக்குப் பிறகு அங்கே கனரக வாகனங்களுக்குத் தடை போட்டார்கள். தப்பு முழுக்கச் சாரதியுடையது என்றால் சாரதியைத் தடுத்திருக்கலாமே, வீதியை ஏன் தடுத்தார்கள்?

2021 மார்ச், பசறை 13ஆம் கட்டை, அதாவது 13ஆம் மைல்கல். லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் போன பஸ் எதிரே வந்த டிப்பருக்கு இடம் விடப்போய்ப் பள்ளத்தில் விழுந்தது, குறைந்தது 14 பேர் இறந்தார்கள். மலைச்சரிவிலிருந்து விழுந்த பாறை அப்புறப்படுத்தப்படாமல் அங்கேயே கிடந்து பாதையைக் குறுக்கியிருந்தது. அந்தப் பாறைக்கு லைசன்ஸ் இருந்ததா என்று எதிரணி கேட்டுச் சொல்லட்டும்.

அடுத்து கொத்மலை கரண்டிஎல்ல, 2025 மே 11, வெசாக் பண்டிகைக்கு முதல் நாள் விடியற்காலை. கதிர்காமத்திலிருந்து குருநாகல் போன இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ் பள்ளத்தில் கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உள்ளே எழுபது பேருக்கும் அதிகம். ஏற்றியது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ராத்திரி நேரம் பிள்ளையோடு வீதியோரம் நிற்கிற அம்மாவிடம் "இடமில்லை, அடுத்த பஸ்ஸில் வாங்க" என்று சொல்ல முதலில் அடுத்த பஸ் என்று ஒன்று இருக்கவேண்டும் இல்லையா? தோட்டத்துக்குப் போகிற கடைசி பஸ்ஸை ஒரு தடவையாவது தவறவிட்டவருக்கு இது விளங்கும். கார் வைத்திருக்கிற எதிரணித் தலைவருக்கு விளங்காது, அதற்காக நான் அவரைக் கோபிக்கவும் இல்லை.

தனியார் பஸ் என்றால் சாரதிக்கும் நடத்துனருக்கும் சம்பளமே அன்றைய கலெக்சனில்தான். லீசிங் கட்டவேண்டிய முதலாளி, பின்னாலேயே துரத்துகிற அடுத்த பஸ், ஸ்டாண்டில் நிமிசக் கணக்கில் கத்துகிற நேரக்கணிப்பாளர், இவ்வளவையும் ஏற்றிவிட்டு "ஏன் வேகமாகப் போனாய்" என்று கேட்கிறோம். அந்த பஸ்களில் பலதும் லொறிச் சேசியின் மேல் கட்டின உடம்பு. ஏறும்போது நம்ம கொழுந்து எடுக்கிற அம்மாக்கள் படியில் கையூன்றி ஏறுவதைப் பாருங்கள், அந்த உயரம்தான் கொண்டைஊசி வளைவில் வண்டியைச் சாய்க்கிற உயரமும்.

மனுசன் தவறத்தான் செய்வான், அந்தத் தவறு உயிரை எடுக்காத மாதிரி வீதியைப் போடு என்று 1997இலேயே சுவீடன் பாராளுமன்றம் கொள்கை வகுத்துவிட்டது. இங்கே 2025 ஜூலையில் தூரப் பயண பஸ் சாரதிகளுக்கு சீட் பெல்ட்டைக் கட்டாயமாக்கினார்கள், நல்லது. இரண்டே மாதத்தில், செப்டெம்பரில், எல்ல – வெல்லவாய வீதியில் தங்காலை நகர சபை ஊழியர்களோடு வந்த பஸ் மலையிலிருந்து விழுந்து 15 பேர் இறந்தார்கள். சாரதிக்கு பெல்ட் கட்டினால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், ஒரே ஒரு கேள்வியோடு இறங்குகிறேன். அடுத்துப் பேச வருகிற எதிரணி அக்கா நுவரெலியாவிலிருந்து பஸ்ஸில்தான் வந்தார், நானும் அதே பஸ். இறங்கி வருகிற வழியில் பள்ளத்துப் பக்கம் உள்ள எத்தனை வளைவுகளில், ஒரு பஸ்ஸைத் தாங்கிப் பிடிக்கிற வேலியைக் கண்டார் என்று சபைக்குச் சொல்லட்டும். சொல்லிவிட்டு அப்புறம் சாரதியைத் திட்டட்டும்.