ஆயிரம் கைகள் தைத்த ஸ்காட்லாந்து

நேயர்களுக்கு வணக்கம்.

ஸ்காட்லாந்தின் தெற்குப் பகுதியில், கம்பளி ஆலைகளால் செழித்து, அந்த ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது தளர்ந்துபோன கலாஷீல்ஸ் என்னும் ஊர் இருக்கிறது. அங்கே, 2021ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஒரு கட்டடத்தில், அந்நாட்டின் வரலாறு 160 படச்சீலைகளில் கம்பளி நூலால் தைத்து வைக்கப்பட்டிருக்கிறது. ஸ்காட்லாந்தின் பெருந்திரைச்சீலை என்பது அதன் பெயர். ஆங்கிலப் பெயரில் வரும் ‘டேப்பெஸ்ட்ரி’ என்னும் சொல் தறியில் நெய்ததைக் குறிக்கும். இதுவோ லினன் துணியில் ஊசியால் இட்ட பூத்தையல். பிரான்சிலுள்ள புகழ்பெற்ற பாயோ திரைச்சீலைக்கும் இதே தவறான பெயர்தான் நிலைத்துவிட்டது என்பதால், இதை நாம் பெரிதுபடுத்த வேண்டாம்.

எடின்பரோவுக்கு அருகிலுள்ள பிரஸ்டன்பான்ஸ் மக்கள், தங்கள் ஊரில் 1745இல் நடந்த போரைத் துணியில் தைத்திருந்தார்கள். அதைக் கண்ட எழுத்தாளர் அலெக்சாண்டர் மெக்கால் ஸ்மித்துக்கு, நாட்டின் வரலாறு முழுவதையுமே இப்படித் தைக்கலாமே என்று தோன்றியது. வரலாற்றாசிரியர் அலிஸ்டர் மொஃபட் நிகழ்ச்சிகளைத் தேர்ந்துகொடுக்க, ஓவியர் ஆண்ட்ரூ க்ரம்மி வரைந்துதர, ஏறத்தாழ ஆயிரம் பேர், அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள், தைத்து முடித்தார்கள். 2013 செப்டம்பரில் அது ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில் முதன்முதலாக வைக்கப்பட்டது.

க்ரம்மி தம் கோட்டோவியங்களில் வேண்டுமென்றே சில இடங்களை வெறுமையாக விட்டிருந்தார் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. எந்த வண்ணம், சங்கிலித் தையலா காம்புத் தையலா, வெற்றிடத்தில் எதை நிரப்புவது என்பதையெல்லாம் தைப்பவர்களே முடிவுசெய்தார்கள். அரசர்களும் போர்க்களங்களும் இருக்கும் அதே வரிசையில், ஹெர்ரிங் மீனைக் குடல் நீக்கி உப்பிட்டு அடுக்கிய பெண்களுக்கும் ஒரு சீலை உண்டு. கத்தியும் உப்பும் கையைப் பதம்பார்க்காதிருக்க அவர்கள் விரல்தோறும் துணிக்கிழியைச் சுற்றிக்கொண்டு வேலை செய்தவர்கள். ஊசி குத்திக் குத்தி விரல் தடித்தவர்களைவிட அவர்களை நன்கு அறிந்து தைக்கக்கூடியவர் யார்?

முதல் உலகப் போர் முடிந்து ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த கடற்படையினரை ஏற்றிய அயலேர் என்னும் கப்பல், 1919 புத்தாண்டு நாளின் அதிகாலையில், அத்தீவின் ஸ்டார்னவே துறைமுகத்துக்கு மிக அருகில் பாறையில் மோதி மூழ்கியது. ஏறத்தாழ இருநூறு பேர் வீட்டு வாசலுக்கு வந்தும் வீடு சேரவில்லை. பாடநூல்களில் ஓரிரு வரியோடு கடந்துவிடக்கூடிய அந்த இரவுக்கும் இங்கே ஒரு முழுச் சீலை கிடைத்திருக்கிறது. ஒரு சீலையைத் தைக்க நூற்றுக்கணக்கான மணிநேரம் பிடிக்கும். அத்தனை நேரமும் தைப்பவர் அந்தத் துயரத்தோடேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

2015இல் கர்கால்டி நகரில் இவை காட்சிக்கு இருந்தபோது, ராஸ்லின் தேவாலயத்தைக் காட்டும் சீலை மட்டும் களவுபோனது. களவுபோனதற்கு ஈடாக அந்தச் சீலை மீண்டும் முதலிலிருந்து தைக்கப்பட்டது.

வணக்கம்.