நெஞ்சில் கேசட் வைத்த ரோபோ

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டுச் சாமானாக மாறும் ரோபோ பொம்மையைப் பற்றி வானொலியில் பேசுவதில் ஒரு சங்கடம் உண்டு. எடுத்துக் காட்ட முடியாது. அதனால் கைக்கெட்டும் தூரத்தில் தீப்பெட்டி இருந்தால் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணச் சின்னத் தீப்பெட்டி போதும். அதன் நீள அகலத்தை ஏறக்குறைய அப்படியே விட்டுவிட்டு, கனத்தை மட்டும் ஏறக்குறைய பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். 50 மில்லிமீட்டர் நீளம், 33 அகலம், 8 கனம். மைக்ரோ கேசட்டின் அளவு இதுதான். நம் வீடுகளில் பாட்டுக் கேட்ட கேசட் பிலிப்ஸ் 1963-ல் கொண்டுவந்தது. இதைப்போல இரண்டு மடங்கு நீளம். மைக்ரோ கேசட் 1969-ல் ஒலிம்பஸ் நிறுவனத்தில் பிறந்தது. நிருபர்கள் பேட்டி எடுக்கும் சின்ன ரெக்கார்டரிலும், ஆள் இல்லாத நேரத்தில் தொலைபேசிச் செய்தியைப் பதிந்துவைக்கும் கருவியிலும் போடுவார்களே, அது.

இந்த 8 மில்லிமீட்டர் கனத்துக்குள் ஒரு கருஞ்சிறுத்தையை மடித்து வைத்தார்கள் ஜப்பானியப் பொம்மைக்காரர்கள். இன்னொன்றுக்குள் ஒரு பறவை. வேறொன்றுக்குள் மனித வடிவ ரோபோ. இவற்றில் ஒன்றை நெஞ்சுக்குள் வைத்துக்கொள்ளும் பெரிய ரோபோ ஒன்று. மடக்கிவிட்டால் அது டேப் ரெக்கார்டர். சவுண்ட்வேவ் என்று பெயர். வீட்டுச் சாமானாக மாறும் ரோபோ பொம்மை என்றால் இன்றைக்கும் அளவுகோல் அதுதான் என்பது என் கருத்து. அதை வைத்தே இந்த வகைப் பொம்மையை எப்படி எடைபோடுவது என்று பார்ப்போம்.

வண்டியாகவும் சாமானாகவும் மாறும் ரோபோக்களின் வரிசைக்கு டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்று பெயர். சவுண்ட்வேவ் முதலில் அந்த டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மையே இல்லை. தகாரா என்ற ஜப்பானிய நிறுவனம் 1974 முதல் மைக்ரோமேன் என்று பத்து சென்டிமீட்டர் உயர பொம்மைகளை விற்றுவந்தது. கதைப்படி அவர்கள் நிஜமாகவே பத்து சென்டிமீட்டர் ஆட்கள். அப்படிப்பட்டவர்களுக்குத் துணையாக வரும் ரோபோ எங்கே ஒளியும்? மேஜை மேல் கிடக்கும் சாமானாகத்தான் ஒளியும். 1983-ல் மைக்ரோ சேஞ்ச் என்ற வரிசை வந்தது. கேசட், டேப் ரெக்கார்டர், கேமரா, மைக்ராஸ்கோப், கைத்துப்பாக்கி என்று வீட்டில் கிடக்கும் சாமான்கள். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ இவற்றையும், டயாக்ளோன் என்ற இன்னொரு தகாரா வரிசையின் கார்களையும் ஒன்றாகச் சேர்த்து டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்று பெயர் வைத்தது. மஞ்சள் பீட்டில் காராக மாறும் பம்பிள்பீ என்ற ரோபோ மட்டும் ஏன் அவ்வளவு குள்ளமாக, குண்டாக இருந்தது என்று கேட்பவர்கள் உண்டு. அது நிஜக் கார் மாதிரி செய்ததல்ல; பிள்ளைகள் தரையில் ஓட்டும் குட்டிப் பொம்மைக் கார் மாதிரி செய்தது. அதுவும் வீட்டுச் சாமான் கணக்குத்தான்.

இந்த நிஜ அளவு என்ற சங்கதிதான் முக்கியம். ஒரு ரோபோ லாரியாக மாறினால், கையில் இருப்பது சின்ன லாரி என்று கண் ஒப்புக்கொள்கிறது. ஆனால் டேப் ரெக்கார்டர், டோஸ்டர், மிக்ஸி எல்லாம் நாம் தினமும் தொட்டுப் பழகியவை. அளவு தப்பினால் கை உடனே கண்டுபிடித்துவிடும். எனவே இந்த வகைப் பொம்மை வாங்கினால் முதலில் ரோபோவைப் பார்க்காதீர்கள். மடக்கிய நிலையில் அலமாரியில் வையுங்கள். விவரம் தெரியாத ஒருவர் கடந்து போகும்போது, இது என்ன, பழைய ரெக்கார்டரா என்று கேட்டால் முதல் பாதி தேர்ச்சி.

அந்தப் பாதி காரைவிடக் கடினம். காரில் சக்கரம், பானெட், கண்ணாடி, பம்பர் என்று மேடு பள்ளம் நிறைய. பலகைகள் சேரும் கோடுகளை அந்த மேடு பள்ளத்தில் ஒளித்துவிடலாம். வீட்டுச் சாமான் பெரும்பாலும் வழவழப்பான பெட்டி. அரை மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தாலும் பளிச்சென்று தெரியும். அடுத்த தொல்லை, பெட்டிக்கு ஆறு முகம். ரோபோவாக நிமிரும்போது அந்தப் பலகைகள் எங்கே போகும்? பல பொம்மைகளில் அவை முதுகில் மூட்டையாகத் தொங்கும். நிற்க வைத்தால் பின்னால் சாயும்.

சவுண்ட்வேவைச் செய்தவர்களின் சாமர்த்தியம் இங்கேதான். ரெக்கார்டரின் முகப்பை அவர்கள் மறைக்கவே இல்லை. கேசட் போடும் கதவு அப்படியே நெஞ்சு. பாட்டு, நிறுத்து, முன்னே ஓட்டு என்ற பொத்தான் வரிசை அப்படியே இடுப்பு. தலை மேலே எழும்புகிறது, கைகள் பக்கவாட்டிலிருந்து விரிகின்றன, கால்கள் கீழே இறங்குகின்றன. தோள் பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் நெஞ்சுக் கதவு ஸ்பிரிங்கில் தெறித்துத் திறக்கும். ரோபோவாக நிற்கும்போதும் அது ரெக்கார்டர்தான் என்று சொல்லாமலே தெரியும். ஆயுதங்கள் இரண்டும் பேட்டரி வடிவம். தோளில் வைக்கும் ஏவுகணைக் குழாய் ஒன்று, கைத்துப்பாக்கி ஒன்று. மடக்கி, பேட்டரி போடும் இடத்திலேயே வைத்துவிடலாம். எதுவும் மிஞ்சிக் கீழே கிடக்காது. மாற்றி முடித்த பிறகு கையில் ஒரு உதிரி மிஞ்சினால் அது வடிவமைப்பின் தோல்வி என்பேன்.

1985-ல் வந்த பிளாஸ்டர், நம் ஊர்ப் பேச்சில் டூ-இன்-ஒன். பெரிய ஸ்பீக்கர், மேலே கைப்பிடி. பார்க்க அழகுதான். ஆனால் அதன் நெஞ்சிலும் இதே மைக்ரோ கேசட்தான் போகும். அவ்வளவு பெரிய செட்டில் தீப்பெட்டி அளவு கேசட் போடுவதை எந்த வீட்டிலும் பார்த்திருக்க மாட்டீர்கள். நிஜ அளவு விதி உடைந்த இடம் அது.

சரி, டேப் ரெக்கார்டர் பாடுமா? 1984 பொம்மை பாடாது. பேட்டரியே துப்பாக்கி, அப்புறம் எங்கே பாட! பாடும் சவுண்ட்வேவ் வந்தது 2007-ல். தகாராவும் டோமி என்ற இன்னொரு பொம்மை நிறுவனமும் இணைந்து ஒரே நிறுவனமான பிறகு மியூசிக் லேபிள் என்ற வரிசையில், மினி எஸ்டி கார்டு செருகிப் பாட்டுக் கேட்கும் எம்பி3 பிளேயராகவே அதை விற்றார்கள். அதே வரிசையில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் தலைவன் ஐபாட் என்ற பாட்டுக் கருவியை வைக்கும் ஸ்பீக்கராக வந்தான். ஆனால் சவுண்ட்வேவில் ஒரு இழப்பு நேர்ந்தது. சர்க்யூட் பலகை நெஞ்சைப் பிடித்துக்கொண்டதால் கேசட்டுக்கு இடமில்லாமல் போயிற்று.

இது ஒரு பொம்மையின் குறை மட்டுமல்ல, இந்த வகை முழுவதற்கும் உள்ள முட்டுக்கட்டை. மடிவதற்கு வெற்றிடம் வேண்டும். வேலை செய்யும் கருவிக்கோ பலகை, பேட்டரி, ஸ்பீக்கர் என்று மடியாத கட்டிகள் வேண்டும். இரண்டும் ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்கின்றன. மின்கம்பி கீலைக் கடந்து போனால் இன்னொரு வம்பு. ஒவ்வொரு தடவை மடக்கும்போதும் கம்பி ஒரே இடத்தில் வளையும். உள்ளே உள்ள மெல்லிய செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறும். மேல் உறை அப்படியே இருப்பதால் வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு நாள் கையை அசைத்தால் பாட்டு வரும், விட்டால் நிற்கும். அப்போது தெரிந்துகொள்ள வேண்டியதுதான். அதனால் கெட்டிக்கார வடிவமைப்பாளர் மின்சாரப் பகுதி மொத்தத்தையும் நெஞ்சுக்குள்ளேயே அடைத்து, கை கால்களை வெறும் பிளாஸ்டிக்காக விட்டுவிடுவார்.

சூடேறும் சாமான் பக்கம் யாரும் போவதில்லை என்பதையும் கவனியுங்கள். டோஸ்டராக மாறும் ரோபோ இருக்கலாம், அது ரொட்டி வாட்டாது. இந்தப் பொம்மைகளின் உடம்பு பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக். 100 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இளக ஆரம்பிக்கும். டோஸ்டர் கம்பியோ சிவக்கச் சிவக்கக் காயும். மெலிந்த கீல்கள்தான் முதலில் கோணும். ஆகவே வேலை செய்யும் ரோபோ என்றால் பாட்டு, மவுஸ், யுஎஸ்பி நினைவகம் போன்ற சின்ன மின்சாரச் சாமான்களோடு நின்றுவிடுகிறது.

சமையலறைச் சாமான், தின்பண்டம், குளியலறைச் சாமான் என்று எல்லாவற்றையும் ரோபோ ஆக்கிய வரிசை 2018-ல் ஹாஸ்ப்ரோ கொண்டுவந்த பாட்பாட்ஸ். கட்டைவிரல் நீளத்துக் குட்டிகள். நாலைந்து அசைவில் மாறிவிடும். மலிவு, சேர்த்து வைக்கத் தோன்றும். ஆனால் பல உருவங்களில் சாமானின் ஒரு பக்கம் திறந்து முகம் எட்டிப் பார்க்கிறது, இரண்டு கால் நீள்கிறது, முடிந்தது கதை. சிறு பிள்ளைக்கு அது போதும். பூட்டைத் திறப்பதுபோல் மாற்றி மாற்றிப் பார்க்க விரும்புகிறவருக்கு இரண்டு நாளில் சலித்துவிடும்.

இனி, வாங்குபவர்களும் ஏற்கெனவே வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டியவை.

பழைய பிரதி கிடைத்தால் முதலில் நெஞ்சுக் கதவின் கீலைப் பாருங்கள். மெல்லிய ஒளிபுகும் பிளாஸ்டிக், அதன்மேல் எப்போதும் ஸ்பிரிங்கின் அழுத்தம். கீல் முனையில் வெள்ளைக் கோடு தெரிந்தால் அது அழுக்கில்லை, பிளாஸ்டிக் விண்டுகொண்டிருக்கிறது. திறக்கும்போது விரலால் கதவைத் தாங்கி மெதுவாக விடுங்கள். அடுத்து ஏவுகணை. அமெரிக்காவில் விற்ற 1984 பிரதிகளில் பாதுகாப்புக்காக ஸ்பிரிங்கின் வேகத்தைக் குறைத்தே விற்றார்கள். அது பாயவில்லை என்றால் பழுது என்று நினைத்துப் பிரிக்காதீர்கள்.

மாற்றும்போது ஓர் அசைவு மறுத்தால் வலுவைக் கூட்டாதீர்கள். பத்துக்கு ஒன்பது தடவை, அதற்கு முந்தைய படி முழுதாக முடிந்திருக்காது. உள்ளங்கை முன்கைக்குள் போகாமல் துருத்திக்கொண்டிருக்கும், அல்லது தலை கடைசி வரை இறங்கியிருக்காது. ஒரு படி பின்னால் போய்ப் பாருங்கள்.

பந்து மூட்டு தளர்ந்து கை தொங்கினால் சாயமில்லாத நெயில் பாலிஷ் போதும். மூட்டைக் கழற்றி, பந்தின்மேல் மெல்லிய ஒரே ஒரு பூச்சு. ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுப் பிறகு மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் அதில் உள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கை இளக்கி இரண்டையும் ஒட்டிவிடும். உடனடிப் பசையை இதற்குப் பயன்படுத்துபவர்கள் உண்டு. அதன் ஆவி பட்டால் ஒளிபுகும் கதவு வெள்ளையாகப் பூத்துப்போகும், பிறகு துடைத்தாலும் எளிதில் போகாது. மூட்டு இறுகியிருந்தால் சிலிக்கான் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசுக்காகி இன்னும் இறுக்கும். தையல் மெஷின் எண்ணெயும் வேண்டாம். அழுத்தத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கில் அது வெடிப்பை உண்டாக்கலாம்.

திருகைத் திரும்பப் போடுவதில் ஒரு நுணுக்கம். இந்தத் திருகுகள் பிளாஸ்டிக்கில் தாமே மரை வெட்டிக்கொண்டு இறங்கியவை. திருகை வைத்ததும் வலப்பக்கம் முறுக்காதீர்கள். முதலில் இடப்பக்கம் மெல்லத் திருப்புங்கள். டக் என்று சின்னதாக ஓர் இறக்கம் விரலுக்குத் தெரியும். பழைய மரையின் வாய் அதுதான். அங்கிருந்து வலப்பக்கம் முறுக்கினால் அதே தடத்தில் இறங்கும். இல்லையென்றால் புது மரை வெட்டி, இரண்டு மூன்று தடவையில் ஓட்டை தேய்ந்து, திருகு சும்மா சுற்றும். திருகுக்குப் பதில் உலோக ஊசி இருந்தால் அதன் இரண்டு முனைகளையும் பாருங்கள். ஒன்றில் சொரசொரப்பான வரி இருக்கும், மற்றது வழவழப்பு. வழவழப்பான பக்கத்திலிருந்து தட்டி, வரியுள்ள முனை முதலில் வெளியே வருமாறு எடுக்க வேண்டும். மாற்றித் தட்டினால் அந்த வரி வழியெல்லாம் ஓட்டையை அரித்துக்கொண்டு போகும்.

பாடும் ரகம் வைத்திருந்தால், பயன்படுத்தாதபோது பேட்டரியை எடுத்துவிடுங்கள். அல்கலைன் பேட்டரி கசிந்து வெள்ளைத் தூள் பூத்திருந்தால் காது குடையும் பஞ்சுக்குச்சியில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைத்து, உடனே ஈரமில்லாமல் காயவையுங்கள்.

இந்தியாவில் புதிதாக வாங்குபவர்கள் பெட்டியில் ஐஎஸ்ஐ முத்திரையைப் பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம். கேசட் ரோபோக்களின் குட்டித் துப்பாக்கிகள் தொண்டையில் சிக்கும் அளவு. 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனைக் குழலுக்குள் முழுதாக அடங்கும் எந்த உதிரியும் மூன்று வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளின் பொம்மையில் இருக்கக் கூடாது என்பது விதி. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அந்தத் துப்பாக்கிகளைத் தனியாக ஒரு டப்பாவில் வையுங்கள்.

எடுத்து வைக்கும்போது ஏவுகணையை ஏற்றி வைக்காதீர்கள், ஸ்பிரிங் அழுந்தியே இருந்தால் சோர்ந்துபோகும். வெயில் படும் ஜன்னலோரம் ஆகாது. வெளிர் நிறப் பகுதிகள் பழுத்துவிடும். உதிரிகள் சிதறாமல் இருக்கட்டும் என்று சிலர் ரப்பர் பேண்ட் போட்டு வைப்பார்கள். நம் ஊர் வெக்கையில் அது இளகி உருகி, நெஞ்சுக் கதவின் குறுக்கே பழுப்பு நிறத்தில் ஒரு கோடு போட்டுவிடும். பழைய பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். வணக்கம்.